சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், எஸ்டிஐ: மூன்று போர்ட் பூஸ்ட் சொலினாய்டு மாட்டுவது எப்படி

டியூன் செய்த சுபாருவில், டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) கட்டுப்படுத்தும் மின்வால்வான தொழிற்சாலை பூஸ்ட் சொலினாய்டைக் கழற்றிவிட்டு மூன்று போர்ட் சொலினாய்டு மாட்டுவது, கைவேலையாகப் பார்த்தால் சின்ன வேலைதான். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், மூன்று ஹோஸ். கை பழகியவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிக்கல் அதற்கப்புறம்தான். பழைய சொலினாய்டுக்காக எழுதிய மேப்பை (இன்ஜின் கணினியான ஈசியூவில் இருக்கும் கட்டுப்பாட்டு எண்களை) அப்படியே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். ஈஜே255, ஈஜே257 இன்ஜின்களில் தொழிற்சாலை பிஸ்டன் வார்ப்பு அலுமினியம். ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரம்பு கடுமையான நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுமீறி வெடிப்பதை, தாங்காது, விண்டுவிடும். அப்புறம் இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் சொலினாய்டையும் ஈசியூவில் அதை இயக்கும் எண்கள் இருக்கும் டியூட்டி டேபிளையும் ஒரே பாகமாக நினைத்துத்தான் இதில் இறங்க வேண்டும். மேப்பைத் திருத்த வசதியோ ஆளோ இல்லாதவர் இந்தப் பாகத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

கீழே சொல்வது 2002 முதல் 2014 வரை வந்த ஈஜே இன்ஜின் டபிள்யூஆர்எக்ஸுக்கும், அதே குடும்பத்து எஸ்டிஐக்கும் பொருந்தும். ஜப்பான் சந்தையின் ஈஜே207 இன்ஜினிலும் தத்துவம் இதேதான்; ஆனால் டர்போ வேறு என்பதால் டியூட்டி எண்கள் மாறும். 2015 முதல் 2021 வரை வந்த டபிள்யூஆர்எக்ஸில் இருப்பது எஃப்ஏ20 இன்ஜின், அதற்குப் பிந்தையதில் எஃப்ஏ24. அவற்றுக்கு இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

பழையது எப்படி வேலை செய்கிறது, புதியது எப்படி

தொழிற்சாலை ஏற்பாட்டில், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸர் ஹவுசிங்கின் நிப்பிளிலிருந்து ஒரு ஹோஸ் புறப்பட்டு ஒரு டி இணைப்புக்கு வருகிறது. டியின் ஒரு கால் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு, இன்னொரு கால் சொலினாய்டுக்கு. வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிட்டு பூஸ்ட்டை அடக்கும் கதவு; அழுத்தம் வந்ததும் அதைத் தள்ளித் திறப்பது ஆக்சுவேட்டர். சொலினாய்டின் மறுமுனை டர்போவுக்கு முன்னால் இருக்கும் இன்லெட் குழாய்க்குத் திரும்புகிறது. கம்ப்ரஸருக்கும் டிக்கும் நடுவே, ஹோஸுக்குள்ளேயே, ஊசித்துளை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு செருகியிருக்கும். அதுதான் ரெஸ்ட்ரிக்டர். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றை அது நெரித்து அனுப்புகிறது. சொலினாய்டு திறக்கும்போது அந்தக் காற்றில் ஒரு பங்கு இன்லெட்டுக்குக் கசிந்துவிடுகிறது. ஆக்சுவேட்டருக்குக் குறைந்த அழுத்தமே போய்ச் சேர்வதால் வேஸ்ட்கேட் மூடியே இருக்கிறது, பூஸ்ட் ஏறுகிறது. எல்லாமே கசிவுக் கணக்கு.

மூன்று போர்ட் சொலினாய்டு கம்ப்ரஸருக்கும் ஆக்சுவேட்டருக்கும் குறுக்கே உட்காருகிறது. மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரஸர் அழுத்தம் முழுவதும் நேரே ஆக்சுவேட்டருக்குப் போகும். மின்சாரம் வந்ததும் அந்த வழி அடைபட்டு, ஆக்சுவேட்டரில் இருக்கும் காற்று இன்லெட்டுக்கு வடிந்துவிடும். ஈசியூ நொடிக்குப் பல முறை இதை மாற்றி மாற்றிச் செய்கிறது. அதில் மின்சாரம் இருக்கும் பங்குதான் டியூட்டி. பூஜ்யம் என்றால் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் பூஸ்ட் மட்டும். நூறு என்றால் ஆக்சுவேட்டருக்கு ஒன்றுமே போகாது, டர்போ தன்னால் முடிந்த மட்டும் ஏற்றிக்கொண்டே போகும்.

லாபம் என்னவென்றால், பூஸ்ட் இலக்கை நெருங்கும் வரை வேஸ்ட்கேட் துளிகூடத் திறக்காமல் இருக்கும். அதனால் டர்போ சற்றுச் சீக்கிரம் எழும்பும், மேல் ஆர்பிஎம்மில் இலக்கைப் பிடித்துவைப்பதும் எளிது. தொழிற்சாலை மேப்பில் ஓடும் காருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. டியூன் செய்த காரிலும், லாகில் (ஓடும்போது ஈசியூவிலிருந்து எடுக்கும் அளவீட்டுப் பதிவில்) பூஸ்ட் இலக்கை ஒட்டியே போகிறது என்றால் பழையதை விட்டுவிடுங்கள். பூஸ்ட் குறைவாக வருகிறது என்று சொலினாய்டு வாங்க ஓடுபவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இன்டர்கூலர் ஹோஸ் கசிவுதான். முதலில் புகைச் சோதனையோ அழுத்தச் சோதனையோ செய்து கசிவு இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். கசிவுள்ள காரில் புது சொலினாய்டு மாட்டினால் டர்போ கூடுதலாகச் சுழன்று கசிவை ஈடுகட்டும், அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

க்ரிம்ஸ்பீட், கோப், பெரின் போன்ற நிறுவனங்கள் சுபாருவுக்கென்றே பிராக்கெட், பிளக், ஹோஸ் எல்லாம் சேர்த்துத் தருகின்றன. மேக் (MAC) நிறுவனம் தொழில் இயந்திரங்களுக்காகச் செய்யும் வால்வைத் தனியாக வாங்கி, பிராக்கெட்டும் பிளக்கும் தேடி மாட்டுபவர்களும் உண்டு. அது மலிவுதான். ஆனால் தரமான கிரிம்பிங் கருவி கையில் இல்லையென்றால் கிட்டாகவே வாங்கிவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய வயர் இன்ஜின் அறையின் சூட்டில் நிற்காது. வயரிங்கில் அறுந்தும் அறாமலும் இருக்கும் இணைப்பைத் தேடுவதைப் போல வெறுப்பேற்றும் வேலை வேறில்லை.

வால்வு தவிர, 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள தடித்த சிலிக்கான் ஹோஸ் சுமார் ஒரு மீட்டர். மெல்லிய சுவருள்ள வேக்யூம் ஹோஸ் சூட்டில் மடங்கும், அழுத்தத்தில் உப்பும், வேண்டாம். இன்லெட் பக்கத்து நிப்பிள் சில கார்களில் இதைவிடப் பெரிது, அளந்துவிட்டு வாங்குங்கள். சின்ன ஹோஸ் கிளாம்ப் அல்லது நல்ல கேபிள் டை ஆறு. 10, 12 மில்லிமீட்டர் சாக்கெட், மூக்கு பிளையர், கூரான கத்தி, மல்டிமீட்டர், அளவுமானி உள்ள கைப்பம்ப் ஒன்று. மேப் எழுதவும் லாக் எடுக்கவும் கோப் ஆக்சஸ்போர்ட், அல்லது டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் கேபிளுடன் ரோம்ரைடரும் ஈக்யூஃப்ளாஷும்.

வால்வில் பித்தளை பார்ப் நிப்பிள்களை நீங்களே திருகவேண்டியிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு ஒன்று உள்ளே போய் வால்வு இருக்கையில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. திரவ சீலன்ட்டை முதல் ஒரு மரையை விட்டுவிட்டு மெல்லத் தடவினால் போதும்.

கழற்றுவதற்கு முன்

இரண்டு காரியம். முதலாவது, பழைய பாகங்களோடு ஒரு லாக். நான்காவது கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து 6000 வரை முழு ஆக்சிலரேட்டர். பூஸ்ட், இலக்கு பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி, ஆர்பிஎம், த்ராட்டில், நாக் திருத்தங்கள், காற்று எரிபொருள் விகிதம். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் ஆதாரம். டைனோ (காரை உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் கருவி) கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் மூடிய ஓடுபாதையில். ஊர்ச் சாலையில் நான்காவது கியரில் 6000 ஆர்பிஎம் என்பது எந்த நாட்டிலும் சட்டம் அனுமதிக்கும் வேகமில்லை.

இரண்டாவது, ஆக்சுவேட்டர் சோதனை. இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், பிறகு மேப்பைக் குறை சொல்பவர்களும் அவர்கள்தான். இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி கைப்பம்ப்பை இணையுங்கள். மெல்ல அழுத்தம் ஏற்றிக்கொண்டே ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்கள். தொழிற்சாலை ஆக்சுவேட்டரில் அரை பார், அதாவது 7 பிஎஸ்ஐ வாக்கில் கம்பி நகரத் தொடங்க வேண்டும். நகர்ந்த பிறகு பம்ப்பை நிறுத்தி ஒரு நிமிடம் வையுங்கள். முள் இறங்கினால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கம்பி தத்தித் தத்தி நகர்ந்தாலோ, அழுத்தத்தை விட்ட பிறகும் முழுதாகத் திரும்பாவிட்டாலோ வேஸ்ட்கேட் புஜத்தின் புஷ்ஷில் கரி பிடித்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் சொலினாய்டு வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். பட்டறையின் ஏர் கம்ப்ரஸரை ரெகுலேட்டர் இல்லாமல் ஆக்சுவேட்டரில் பிடிக்காதீர்கள். நன்றாக இருந்த டயஃப்ரமும் அதில் கிழியும்.

மாட்டும் வேலை

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டர்போவும் சொலினாய்டும் இன்ஜின் அறையின் பின்பகுதியில், காரில் உட்கார்ந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும். கை நுழைய இடம் போதாவிட்டால் மேலே இருக்கும் இன்டர்கூலரைக் கழற்றிவிடுங்கள்: இரண்டு பக்கத்து பிராக்கெட் போல்ட், பைபாஸ் வால்வின் இரண்டு போல்ட், த்ராட்டில் பாடி பக்கத்து கிளாம்ப், டர்போ பக்கத்து இணைப்பு. அரை மணி நேரம் கூடும். ஆனால் ஹோஸ்களைக் கண்ணால் பார்த்து மாட்டலாம், தடவிப் பார்த்து மாட்ட வேண்டியதில்லை. இன்டர்கூலரைக் கழற்றியதும் த்ராட்டில் பாடி வாயையும் டர்போ வாயையும் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு கேபிள் டை துண்டு உள்ளே விழுந்தால் கதை அத்தோடு முடிந்தது.

எதையும் உருவுவதற்கு முன் கைபேசியில் மூன்று நான்கு கோணங்களில் படமெடுத்து, ஒவ்வொரு ஹோஸிலும் ஒட்டுத்தாள் ஒட்டி எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள். பழைய ஹோஸ்கள் நிப்பிளோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் நிப்பிள் முறியும், இன்லெட் குழாயின் நிப்பிள் குறிப்பாக. கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்.

பழைய சொலினாய்டு, டி இணைப்பு, ஹோஸ்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக வெளியே எடுங்கள். கம்ப்ரஸரிலிருந்து வந்த ஹோஸை விரல்களுக்கிடையே நசுக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பட்டாணி அளவு கட்டி தட்டுப்படும். அதுதான் ரெஸ்ட்ரிக்டர். புதிய ஏற்பாட்டில் அது எங்குமே இருக்கக்கூடாது. பழைய ஹோஸை மறுபடி பயன்படுத்தி, உள்ளே அது இருப்பதை மறந்தவர்கள் ஏராளம். அது இருந்தால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் தாமதமாகப் போய்ச்சேரும், வேஸ்ட்கேட் திறப்பதற்குள் பூஸ்ட் இலக்கைத் தாண்டிப் பாய்ந்துவிடும். புது ஹோஸ் ஒரு மீட்டர் வாங்கச் சொன்னதே இதற்காகத்தான். பழைய தொகுப்பை அப்படியே ஒரு பையில் போட்டு வையுங்கள். என்றைக்காவது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தால் ரெஸ்ட்ரிக்டர் இல்லாமல் தொழிற்சாலை சொலினாய்டு வேலை செய்யாது.

அடுத்து, எந்த போர்ட் எதற்கு. மேக் வால்வில் போர்ட்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். 2 பொது வாய். மின்சாரம் இல்லாதபோது 2ம் 3ம் இணைந்திருக்கும், மின்சாரம் கொடுத்தால் 2ம் 1ம் இணையும். அதன்படி 3 கம்ப்ரஸருக்கு, 2 ஆக்சுவேட்டருக்கு, 1 இன்லெட்டுக்கு. வேறு தயாரிப்பில் எண்கள் மாறியிருக்கலாம், அதனால் எண்ணை நம்பாமல் வாயால் ஊதிப் பாருங்கள். வால்வைக் கையில் வைத்துக்கொண்டு மின்சாரம் இல்லாமல் ஒரு போர்ட்டில் ஊதினால் இன்னொன்றில் காற்று வரும். அந்த இரண்டும் கம்ப்ரஸரும் ஆக்சுவேட்டரும். பிறகு 12 வோல்ட் கொடுங்கள். டக் என்று ஒலி வரும், வழி மாறும். இரண்டு நிலையிலும் பொதுவாக இருந்த போர்ட்தான் ஆக்சுவேட்டருக்கு. மின்சாரம் இருக்கும்போது மட்டும் அதோடு இணைவது இன்லெட்டுக்கு. இரண்டு நிமிட வேலை. கம்ப்ரஸரையும் இன்லெட்டையும் இடம் மாற்றிச் சொருகிவிட்டால் மின்சாரம் இல்லாத நிலையில் ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே போகாது. அதாவது டியூட்டி பூஜ்யத்தில் பூஸ்ட்டுக்குக் கடிவாளமே இல்லை. இந்த வேலையில் நடக்கக்கூடிய தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான்.

வால்வை டர்போவின் வெப்பக் கவசத்திலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள். கிட்டோடு வரும் பிராக்கெட் தொழிற்சாலை போல்ட் துளையிலேயே உட்காரும். பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் வாஷர் வைத்தால் கேபினுக்குள் கேட்கும் படபட ஒலி குறையும். மூன்று போர்ட் வால்வு பூஸ்ட் ஏறும்போது பழையதைவிட உரக்கவே ஒலிக்கும், அது கோளாறல்ல.

ஹோஸ்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள், ஆனால் மடங்கக்கூடாது. கம்ப்ரஸரிலிருந்து வால்வுக்கும் வால்விலிருந்து ஆக்சுவேட்டருக்கும் போகும் இரண்டும்தான் முக்கியம். நீளம் கூடினால் அழுத்தம் போய்ச்சேரத் தாமதம் கூடும். அழுத்தம் எடுக்கும் இடத்தை கம்ப்ரஸர் ஹவுசிங்கிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாற்ற வேண்டாம். மேனிஃபோல்டில் வெற்றிடமும் அழுத்தமும் மாறி மாறி வரும், கட்டுப்பாடு இன்னும் தாமதமாகும்.

இன்லெட் ஹோஸை அவிழ்த்துவிட்டு வால்வில் சின்ன ஃபில்டர் மாட்டிக் காற்றை வெளியே விடலாம்தானே என்று கேட்பார்கள். மூன்று போர்ட் ஏற்பாட்டில் வெளியேறும் காற்று கொஞ்சம்தான், அதனால் கார் ஓடும். ஆனால் அப்படிச் செய்பவர் இன்லெட் குழாயில் மிஞ்சிய நிப்பிளை அடைக்க மறந்தால், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பின்னாலிருந்து அளக்காத காற்று உள்ளே போகும், கலவை மெலியும், எரிபொருள் திருத்தம் ஏறிக்கொண்டே போகும். தொழிற்சாலை போல இன்லெட்டுக்கே திருப்பிவிடுவதுதான் ஒழுங்கு.

ஹோஸ் முனைகள் எல்லாவற்றிலும் கிளாம்ப் போடுங்கள். ஆக்சுவேட்டர் முனை கழன்றால் பூஸ்ட் எல்லையின்றி ஏறும் என்பதை நினைவில் வைத்து அதற்கு மட்டும் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்.

பிளக்கைச் சொருகுமுன் மல்டிமீட்டரில் வால்வுச் சுருளின் மின்தடையைப் பாருங்கள். இந்த வகைச் சுருள்கள் ஏறக்குறைய 25 முதல் 35 ஓம் காட்டும். எல்லையில்லாத் தடை என்றால் சுருள் அறுந்தது. நாலைந்து ஓம் என்றால் உள்ளே ஷார்ட், அதை மாட்டினால் ஈசியூவின் டிரைவரைக் கெடுக்கும். உள்ளே டையோடு இல்லாத சாதாரண வால்வுக்கு இரண்டு வயரில் எது எங்கே என்ற கவலை இல்லை. பேட்டரியை இணைத்து இக்னிஷன் போட்டுப் பாருங்கள். பி0245, பி0246 என்ற பிழைக் குறியீடு வந்தால் சொலினாய்டு சுற்றின் மின் கோளாறு: பிளக் சரியாக உட்காரவில்லை, கிரிம்ப் பிடிக்கவில்லை, அல்லது வயர் எங்கோ உரசுகிறது.

முதல் ஓட்டம் பூஜ்ய டியூட்டியில்

ஆரம்ப டியூட்டி டேபிள், அதிகபட்ச டியூட்டி டேபிள் இரண்டையும் எல்லா அறைகளிலும் பூஜ்யமாக்கி ஒரு மேப் எழுதுங்கள். பூஸ்ட் எல்லையைத் தாண்டினால் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு டேபிளையும் தற்காலிகமாக 14 அல்லது 15 பிஎஸ்ஐக்குக் குறைத்துவையுங்கள். இந்த இரண்டாவது காரியம் ஹோஸ் மாறியிருந்தாலும் இன்ஜினைக் காப்பாற்றும்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். மூன்றாவது கியரில் பாதி ஆக்சிலரேட்டரில் தொடங்கி, பூஸ்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கூட்டுங்கள். எல்லாம் சரியென்றால் பூஸ்ட் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் அளவிலேயே நின்றுவிடும்: தொழிற்சாலை எக்ஸாஸ்டில் 7, 8 பிஎஸ்ஐ வாக்கில், பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) போட்ட காரில் அதைவிட ஒன்றிரண்டு கூட. 10ஐத் தாண்டி முள் நிற்காமல் ஏறினால் உடனே காலை எடுங்கள். ஹோஸ் மாறியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது.

ஒரு வகை மட்டும் இதில் சேராது. 4500 வரை 9 பிஎஸ்ஐயில் அடங்கி நின்று, மேலே போகப்போக 12, 13 என்று படிப்படியாக ஏறுகிறதா? அதைக் க்ரீப் என்பார்கள். பெரிய டவுன்பைப்பும் திறந்த எக்ஸாஸ்டும் போட்ட பிறகு, முழுதாகத் திறந்த வேஸ்ட்கேட் துவாரத்துக்கும் அடங்காத அளவு எக்ஸாஸ்ட் வாயு டர்பைனுக்குப் போகிறது. எந்தச் சொலினாய்டும் எந்த மேப்பும் இதைச் சரிசெய்யாது. துவாரத்தைப் பெரிதாக்கிக் கடைய வேண்டும், அல்லது வெளி வேஸ்ட்கேட்டுக்குப் போக வேண்டும். க்ரீப் எவ்வளவு என்று தெரியாமல் இலக்கு எழுதுவது வீண். மேல் ஆர்பிஎம்மில் கார் தானாகவே 13 போகும் என்றால் அங்கே 12 என்று இலக்கு எழுதி என்ன பயன்?

டியூட்டி டேபிளை எழுதுவது

பூஜ்ய ஓட்டம் தேறிய பிறகுதான் இது. முதலில் ஈசியூவின் தன்திருத்தத்தை நிறுத்துங்கள்: ரோம்ரைடரில் டர்போ டைனமிக்ஸ் என்ற பெயரில் இருக்கும் புரொபோர்ஷனல், இன்டக்ரல் டேபிள்களைப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் திருத்த, ஈசியூ மறுபக்கம் திருத்தும். எந்த எண்ணால் எந்த பூஸ்ட் வந்தது என்றே தெரியாது.

முழு ஆக்சிலரேட்டர் பகுதிக்கு ஒரே சீரான எண் கொடுங்கள். 10 சதவீதம், ஓட்டம், லாக். 15, ஓட்டம், லாக். ஐந்தைந்தாக ஏறுங்கள். இலக்குக்கு 2 பிஎஸ்ஐ தொலைவில் வந்ததும் இரண்டிரண்டாக. பழைய சொலினாய்டின் டேபிளைப் பார்த்து ஊகித்துப் பெரிய எண்ணில் தொடங்காதீர்கள். பழைய மேப்பில் 70 இருந்த இடத்தில் மூன்று போர்ட்டுக்கு 40 போதுமானதாகக்கூட இருக்கலாம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு கார்களிலும் ஒரே எண் வராது. ஆக்சுவேட்டரின் முன்அழுத்தம், டவுன்பைப், டர்போ தேய்மானம் எல்லாம் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாக் திருத்தத்தைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. ஃபீட்பேக் நாக் (நாக்கிங் உணர்ந்ததும் ஈசியூ தீப்பொறி நேரத்தைக் குறைக்கும் அளவு) முழு ஆக்சிலரேட்டரில் ஒரே ஆர்பிஎம்மில் திரும்பத் திரும்ப மைனஸில் போனாலோ, டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையர் (மேப்பின் தீப்பொறி நேரத்தை ஈசியூ எவ்வளவு நம்புகிறது என்று காட்டும் எண்) 1ஐ விட்டு இறங்கினாலோ, பூஸ்ட்டை ஏற்றுவது அத்தோடு நிற்க வேண்டும். பழைய 16 பிட் ஈசியூவில் அதே அளவு 16 என்று காட்டும். கூடுதல் பூஸ்ட் என்றால் கூடுதல் காற்று. பழைய மேப்பின் இக்னிஷன் டேபிளில் அந்த லோடு அறைகளை இதுவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அங்கே டைமிங்கை (தீப்பொறி நேரத்தை) குறைத்து, கலவையைச் சரிபார்த்த பிறகே மேலே போக வேண்டும். தொழிற்சாலை எஸ்டிஐயின் உச்ச பூஸ்ட் சுமார் 14.5 பிஎஸ்ஐ, அதாவது ஒரு பார். தொழிற்சாலை டர்போவில் நல்ல 98 ரான் (ஆக்டேன் அளவு) பெட்ரோலும் டவுன்பைப்பும் வைத்து 17, 18க்கு டியூன் செய்வது வழக்கம். கிடைக்கும் பெட்ரோல் 95 ரான் என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

சீரான எண்ணில் ஓட்டினால் பூஸ்ட் கோடு சீராக வராது. நடு ஆர்பிஎம்மில் ஒரு கூம்பு, மேலே ஒரு சரிவு இருக்கும். கூம்பு இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னாலிருக்கும் ஆர்பிஎம் அறைகளில் டியூட்டியைக் குறையுங்கள்; வால்வு சொன்னதை டர்போ செய்து முடிக்க நேரம் எடுக்கும், அதனால் கூம்பின் உச்சியிலேயே குறைத்தால் பலன் வராது. மேல் ஆர்பிஎம் சரிவைக் கொஞ்சம் கூட்டி நிமிர்த்தலாம். ஆனால் 2000களின் டபிள்யூஆர்எக்ஸில் வரும் டிடி04 போன்ற சின்ன டர்போவில் 5500க்கு மேல் பூஸ்ட் இறங்குவது இயற்கை. அதை டியூட்டி கொடுத்து இழுத்து நிறுத்தினால் கிடைப்பது சூடான காற்று மட்டுமே, குதிரைத்திறன் அல்ல.

பாதி ஆக்சிலரேட்டர் பகுதியை மறக்கவேண்டாம். பலர் முழு ஆக்சிலரேட்டர் வரிசையை மட்டும் அழகாக எழுதிவிட்டு மற்றவற்றில் பழைய எண்களை விட்டுவிடுவார்கள். 40 சதவீத த்ராட்டிலில் கார் திடீரென்று துள்ளிப் பாயும், காலை எடுத்தால் தொங்கும். ஊருக்குள் ஓட்டவே முடியாது. அந்த அறைகளில் டியூட்டியை முழு ஆக்சிலரேட்டர் அளவிலிருந்து படிப்படியாகப் பூஜ்யம் நோக்கிச் சரியவிடுங்கள்.

கோடு இலக்கை ஒட்டி வந்த பிறகு, அதிகபட்ச டேபிளை ஆரம்ப டேபிளைவிட 5 முதல் 8 சதவீதம் மட்டும் கூடுதலாக வைத்து, டர்போ டைனமிக்ஸைத் திரும்பப் போடுங்கள். பழைய எண்களைப் பாதியாக்கித் தொடங்குவது பாதுகாப்பு. மூன்று போர்ட்டில் ஒரு சதவீதத்துக்கே பூஸ்ட் கூடுதலாக அசையும். எரிபொருள் நிறுத்தும் எல்லையை இலக்குக்கு 2 அல்லது 3 பிஎஸ்ஐ மேலே வையுங்கள். அதை எட்டினால் யாரோ திடீரென்று பிரேக் போட்டது போல கார் முட்டி நிற்கும். எரிச்சலாக இருக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று அந்த எல்லையை உயர்த்தாதீர்கள், ஏன் எட்டியது என்று பாருங்கள்.

என்ன கெட்டால் எப்படித் தெரியும்

டியூட்டி எவ்வளவு கொடுத்தாலும் பூஸ்ட் 8ஐத் தாண்டவில்லை: வால்வுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது இன்லெட்டுக்குப் போகும் ஹோஸ் மடங்கி அடைபட்டிருக்கிறது. லாகில் டியூட்டி எண் தெரியும், ஆனால் அது ஈசியூ சொன்ன எண்தான், வால்வு செய்த வேலை அல்ல. ஹோஸைக் கழற்றி மடிப்பு பாருங்கள், பிறகு வால்வுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து ஒலி கேளுங்கள்.

பூஸ்ட் இலக்கைவிட 3, 4 பிஎஸ்ஐ பாய்ந்து உடனே இறங்கி அடங்கினால் ரெஸ்ட்ரிக்டர் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆரம்ப டியூட்டி அதிகம். பாய்ந்து, இறங்கி, மறுபடி பாய்ந்து ஊஞ்சலாடினால் டர்போ டைனமிக்ஸ் எண்கள் பெரிது, அல்லது ஹோஸ்கள் நீளம்.

ஒரு மாதம் நன்றாக ஓடிய கார் ஒருநாள் திடீரென்று அதிக பூஸ்ட் காட்டினால் மேப்பைத் திறக்காதீர்கள், பானெட்டைத் திறவுங்கள். கம்ப்ரஸர் பக்கத்து ஹோஸிலோ ஆக்சுவேட்டர் பக்கத்து ஹோஸிலோ விரிசல். இரண்டுமே ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைப்பதால் விளைவு ஒன்றே. டர்போ ஓரமாகச் செல்லும் ஹோஸின் அடிப்பக்கம் வெந்து வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் திருப்பிப் பாருங்கள்.

குளிர்ந்த இரவில் மட்டும் இலக்கைத் தாண்டினால் அது கோளாறில்லை, அடர்ந்த காற்று. ஆரம்ப டியூட்டியை இரண்டு சதவீதம் குறைத்து, மிச்சத்தை டர்போ டைனமிக்ஸ் கூட்டிக்கொள்ள விடுங்கள்.

வால்வுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு சேர்வதும் உண்டு. பழைய டர்போ சீல் வழியே கசியும் எண்ணெய் கம்ப்ரஸர் ஹோஸ் வழியாக வந்து வால்வு முள்ளில் ஒட்டும், வால்வு மந்தமாகும், லாகில் பூஸ்ட் தாமதமாக ஏறித் தாமதமாக இறங்கும். வருடத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றி எலெக்ட்ரிக்கல் கிளீனர் ஊற்றி, 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, காயவைத்து மாட்டினால் போதும். கிளீனரில் கறுப்பாக எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் அடுத்துப் பார்க்கவேண்டியது டர்போ ஷாஃப்டின் ஆட்டத்தை.